அம்மா வண்டிக்கு ஒரு ஸ்விட்ச்

பாப்பா,

அன்றைக்குப் போன் வந்தபோது மணி நாலு பதினேழு. யார் கேட்டாலும் "சாயங்காலம் நாலு, நாலரை இருக்கும்" என்றுதான் இத்தனை நாளும் சொல்லிவருகிறேன். ஆனால் எனக்கு நிமிஷத்தோடு தெரியும். யு.பி.எஸ். சர்வீஸ் வேலையில் இருப்பவனுக்குப் போன் அடித்தால் கை போவதற்கு முன்னால் கண் மணியைப் பார்த்துவிடும். எத்தனை மணிக்குக் கரண்ட் போனது, எத்தனை மணிக்கு பேட்டரி படுத்தது என்பதுதான் எங்கள் ரிப்போர்ட்டில் முதல் வரி. கிண்டியில் ஓர் ஆபீசின் பேட்டரி ரூமில் குனிந்து நின்றுகொண்டிருந்தேன். அம்மாவின் நம்பர். எடுத்தால் வேறொரு பெண்ணின் குரல். கோவிலம்பாக்கத்தில் அம்மா பிசியோதெரபி கொடுக்கப் போகும் வீட்டுப் பெண். "சார், மேடம் திடீர்னு கீழ விழுந்துட்டாங்க சார். கூப்ட்டா பேச மாட்டறாங்க. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டோம், நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க சார்." நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே எனக்காக இருந்தது ஒரு டாக்டரும் அம்மாவின் கைப்பையும்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, இது முன்கூட்டி யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை என்றார். நான் தலையாட்டினேன். மல்டிமீட்டரை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒரு நர்ஸ் வாங்கி வைத்தபோதுதான் பார்த்தேன்.

வருகிற சனிக்கிழமை நீ திருச்சியிலிருந்து வந்து அம்மாவின் காரை எடுத்துக்கொண்டு போகப் போகிறாய். அதற்கு முன்னால் உனக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, அந்த பேட்டரி ஸ்விட்சை எப்படிப் போட்டேன், நீ எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பது. இன்னொன்று, வண்டியை ஏன் இத்தனை மாசம் உன்னிடம் கொடுக்காமல் வைத்திருந்தேன் என்பது. நேரில் சொன்னால் முதல் விஷயத்தை நன்றாகச் சொல்லிவிட்டு இரண்டாவதை விழுங்கிவிடுவேன். என்னை உனக்குத் தெரியும். அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்த அன்று எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் அந்தப் பெட்டியின் பிளக் சூடாகிறதா என்று சுவரோரம் உட்கார்ந்து தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அதைப் பார்த்தாய். எனக்கு அந்த நேரத்தில் வேறெந்த வேலையும் தெரியவில்லை பாப்பா.

வண்டி கோவிலம்பாக்கத்திலேயே, அந்த வீட்டு வாசலில் நின்றிருந்தது. நாலாவது நாள் நீ, "நான் போய் ஓட்டிட்டு வந்துடறேன்பா" என்று சாவியை எடுத்தாய். நான் முந்திக்கொண்டு, "வேணாம், பேட்டரி டவுன். டோயிங் வண்டிக்குச் சொல்லிட்டேன்" என்றேன். அது பொய். பேட்டரிக்கு ஒன்றுமில்லை. டோயிங்காரன் வந்து சாவியை வாங்கித் திருப்பியதும் வண்டி கிர்ரென்று ஸ்டார்ட் ஆனது. அவன் என்னைப் பார்த்தான். "சார், நல்லாத்தான கீது? ஓட்டினே போலாமே. எதுக்கு சார் தூக்கினு போவணும்?" "தூக்கிட்டுப் போங்க" என்றேன். நன்றாக ஓடுகிற வண்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு அவன் மேடவாக்கம் ரோட்டில் முன்னால் போனான். நான் பைக்கில் பின்னால் வந்தேன். அதன் சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் தாம்பரத்தில் நம் பார்க்கிங்கில் இறங்க வேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இறக்கும்போது உருண்ட அந்த நாலடிக்குக்கூட நான் ஓடிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

ஏனென்றால் மீட்டரில் ஓர் எண் இருந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், அம்மா தினமும் காலையில் வண்டியில் ஏறியதும் முதல் வேலையாக டிரிப் மீட்டரை அழுத்தி சைபர் ஆக்குவாள். ராத்திரி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அன்றைக்கு ஓடிய கிலோமீட்டரைச் சொல்வாள். அவள் களைப்பாக இருக்கிறாள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை; எண்ணைத்தான் சொல்வாள். "இன்னிக்கு நாப்பத்திரெண்டு" என்றால் பொழிச்சலூர், பம்மல், மேடவாக்கம் எல்லாம் சுற்றிவிட்டு வந்திருக்கிறாள், நாம் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு கடையில் மாவு வாங்கி வந்து தோசை ஊற்ற வேண்டும். "பன்னெண்டுதான்பா" என்றால் நல்ல மூடில் இருக்கிறாள், உன் மார்க்கைப் பற்றிப் பேசலாம். நீ பத்தாவது படிக்கும்போது கதவைத் திறந்ததும் "எவ்ளோம்மா?" என்று கேட்டுவிட்டு, எண்ணைக் கேட்ட பிறகுதான் ரேங்க் கார்டை எடுப்பாயா இல்லையா என்று முடிவு செய்வாய். அன்றைக்கு மீட்டரில் இருந்தது பத்தொன்பது. அந்த எண்ணை அவள் சொல்லவில்லை. பத்தொன்பது என்பது எந்தப் பக்கமும் சேராத எண் பாப்பா. அவளுக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே தலைவலி இருந்ததா, களைப்பாக இருந்தாளா, இல்லை எப்போதும் போலப் பாட்டு கேட்டுக்கொண்டு ஓட்டினாளா? அதைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதுபோல நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அதற்குப் பக்கத்திலேயே அவளுடைய கடிகாரம். பத்து நிமிஷம் முன்னால் ஓடும். அவளுடைய பேஷண்டுகள் எல்லாம் காலை நீட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள். தாமதமாகப் போனால் அவர்களுக்கு அன்றைய நாளே கெட்டுப்போகும் என்பாள். வண்டி வாங்கின புதிதில், தப்பாக ஓடுகிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அதைச் சரி செய்துவிட்டேன். மறுநாள் ராத்திரி வந்து நின்றாள். "ஏம்பா, என் வண்டி டைம்ல கை வெச்சியா?" "தப்பா இருந்துச்சு, சரி பண்ணேன்." "அது தப்பில்ல. அது நான் வெச்சது. பொழிச்சலூர் மாமி இன்னிக்கு என்னை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறாங்க, 'என்னம்மா, ஏரோப்ளேன் கிராஸிங்கா'ன்னு." மாமி வீடு ஏர்போர்ட்டுக்குப் பின்னால். நீ சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தாய். அன்றிலிருந்து நான் அதைத் தொட்டதில்லை. நாலு பதினேழுக்கு எனக்குப் போன் வந்தபோது அவள் வண்டிக்குள் மணி நாலு இருபத்தேழு. இது ஒன்றுமில்லாத கணக்கு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கணக்கை எத்தனையோ தடவை போட்டுவிட்டேன்.

நம் வண்டி பழைய மாடல். பேட்டரி செத்தாலோ வயரைக் கழற்றினாலோ கடிகாரமும் டிரிப் மீட்டரும் அழிந்துவிடும். அதனால்தான் வாராவாரம் பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைக் கீழே விட்டுச் சார்ஜ் போட்டேன். ஊரில் இருக்கிற ஆபீஸ் பேட்டரிகளுக்கெல்லாம் ஆயுசு சொல்கிறவன், சொந்த வண்டிக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல ஏற்றிக்கொண்டிருந்தேன். அசோசியேஷன் செக்ரட்டரி ஒரு நாள் மாடிப்படியில் மடக்கினார். "சார், உங்க கஷ்டம் எங்களுக்கும் தெரியும். ஆனா மழைக்காலம் வருது, அந்த வயர எடுத்துடுங்க சார். போன வாரம் யாரோ அதுல துணியே காயப் போட்டுட்டாங்க." போட்டது கீழ் வீட்டு மெர்சி அக்கா. அம்மாவின் வண்டியில் முன் சீட் தன்னுடையது என்று தானே பட்டா எழுதிக்கொண்ட மெர்சி அக்காவேதான். கேட்டதற்கு, "கொடின்னு நெனச்சிக்கினேன் தம்பி. உன் வயருக்கு என் நைட்டி ஒண்ணும் பாரமில்ல" என்றார். மழை தொடங்குவதற்கு முன் வயரைச் சுருட்டி எடுத்துவிட்டேன், அதோடு சார்ஜும் நின்றது.

தீபாவளிக்கு வந்துவிட்டு நீ திரும்பின அன்று பெருங்களத்தூரில் நாம் போட்ட சண்டை எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. ஊரே மூட்டையோடு ரோட்டில் நின்றது. நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாய். "நீ அத ஓட்டவும் மாட்டே, விக்கவும் மாட்டே, எனக்குக் குடுக்கவும் மாட்டே. அப்பறம் எதுக்குப்பா வெச்சிருக்கே?" "பேட்டரி சரியில்லம்மா." "ஒம்போது மாசமா பேட்டரி சரியில்ல. உன் வேலையே அதான?" நான் உன் பை வாரைச் சரி செய்யப் போனேன். "எனக்கு பயமா இருக்கும்னு நெனைக்கிறியா? இல்ல நான் எங்கயாவது இடிச்சிடுவேன்னு பயப்படறியா? அம்மாதான் எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தாங்க. அது உன் வண்டி மட்டும் இல்ல." அதற்குள் கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு, "திருச்சி திருச்சி! ஏறும்மா ஏறு. மீதி சண்டைய போன்ல போட்டுக்கோங்க சார், பின்னாடி வண்டி நிக்குது!" என்றார். நீ ஏறிவிட்டாய். திரும்பிப் பார்க்கவில்லை. விழுப்புரம் தாண்டி உன்னிடமிருந்து ஒரு மெசேஜ்: பேட்டரி ஸ்விட்ச் ஆர்டர் போட்டிருக்கேன், அட்ரஸ் நம்ம வீடு, வந்தா பிரிக்காம வெச்சிடாதே. அம்மா கோபமாக இருக்கும்போதும் எனக்குச் சோறு போடுவாள். அப்படி இருந்தது அது.

பிரித்தேன். பெரிய சாமான் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் பித்தளைத் துண்டு. ஒரு பக்கம் பேட்டரியின் முனையைக் கவ்விக்கொள்ளும். மறுபக்கம் வண்டியின் வயரை மாட்ட வேண்டும். நடுவில் ஒரு பச்சைக் குமிழ். குமிழை இறுக்கினால் கரண்ட் பாயும், தளர்த்தினால் பேட்டரிக்கும் வண்டிக்கும் தொடர்பு விட்டுப்போகும். நிற்கிற வண்டி சும்மா நிற்பதில்லை பாப்பா. கடிகாரம், கதவு லாக், அலாரம், உள்ளே இருக்கிற சின்னச் சின்ன மூளைகள் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். தினமும் நல்ல தூரம் ஓடினால் குடித்ததை எஞ்சின் திருப்பி ஊற்றிவிடும். நீ மூன்று வாரம் சைட்டுக்குப் போய்விட்டு ஹாஸ்டல் பார்க்கிங்குக்குத் திரும்பி வரும்போது பேட்டரியில் ஒன்றும் இருக்காது. அதற்காகத்தான் ஸ்விட்ச். நீ கேட்டது சரி.

போட்டது எப்படி என்று எழுதிவைக்கிறேன்; நாளைக்கு பேட்டரி மாற்றினால் நீயே கழற்றி மாட்ட வேண்டும், மெக்கானிக்கின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. சாவியை வெளியே எடுத்துவிட்டு, கதவுகளைச் சாத்தி, பானெட்டைத் திறந்து வைத்து ஒரு டீ குடிக்கிற நேரம் சும்மா இரு. உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள் தூங்க வேண்டும். பிறகு மைனஸ் எது என்று பார். கறுப்பு வயர், பேட்டரி மேல் கோடு போட்டிருக்கும். ஸ்விட்ச் மைனஸில்தான், முதலில் கை வைப்பதும் மைனஸில்தான். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் ஸ்பேனரை வைத்து, அதன் மறுமுனை பாடியில் பட்டால் ஸ்பேனர் அங்கேயே பற்றிக்கொண்டு சிவந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மோதிரம் போட்ட கையோடு பேட்டரியில் கை வைத்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். நீயும் வளையல், வாட்ச் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் குனிய வேண்டும். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்து. கிளாம்ப் வரவில்லை என்றால் தட்டாதே, இடமும் வலமுமாக அசைத்து அசைத்துத் தூக்கு. முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவிடு. ஸ்விட்சை மாட்டி இறுக்கு. கையால் அசைத்தால் அசையக் கூடாது. மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவு.

அப்புறம் ஒன்று. ஸ்விட்ச் போட்டால் பேட்டரியின் உயரம் கூடிவிடும். பானெட்டை மூடும்போது இடித்தால் ஆபத்து. இடிக்குமா இடிக்காதா என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் கோதுமை மாவைச் சப்பாத்திக்குப் பிசைகிற பதத்தில் பிசைந்து, ஓர் உருண்டை பிடித்துக் குமிழின் மேல் வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திற. உருண்டை நசுங்கிய பிறகு எவ்வளவு கனம் நிற்கிறதோ, அதுதான் உனக்கு மிச்சம் இருக்கிற இடம். ஒரு விரல் கனமாவது நின்றது நமக்கு. மீதி மாவில் இரண்டு சப்பாத்தி போட்டேன். அம்மா போன பிறகு வீட்டில் மாவு பிசைந்தது அன்றைக்குத்தான்.

இதுவரைக்கும் எல்லாம் சரி. இனிமேல் சொல்வதை நீ செய்யாதே. அந்தப் பெட்டியில் ஸ்விட்ச்சோடு ஒரு மெல்லிய சிவப்பு வயரும் இருந்தது, நடுவில் சின்ன ஃபியூஸோடு. குமிழைத் தளர்த்தினாலும் கடிகாரம் மாதிரி சில்லறைச் சாமான்கள் மட்டும் விழித்திருக்க, ஸ்விட்சின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் போடுகிற குறுக்கு வயர். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மாட்டும்போதுகூடக் கரண்ட் ஒரு கணம் போகக் கூடாது என்று, வேலைப் பையில் இருந்த சின்ன யு.பி.எஸ். பேட்டரியைத் தற்காலிகமாகக் கொடுத்துவிட்டுத்தான் மைனஸைக் கழற்றினேன். எல்லாம் முடித்து, குமிழைத் தளர்த்திவிட்டு, கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, பத்து நிமிஷம் முன்னாலேயே. உனக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். பச்சைக் குமிழ் மட்டும் தெரிகிற மாதிரி, சிவப்பு வயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு. "சூப்பர்பா" என்று பதில் போட்டாய், பக்கத்தில் ஒரு சிரிப்பு. சண்டைக்குப் பிறகு நீ அனுப்பின முதல் சிரிப்பு அது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஸ்விட்ச் போடுவதற்கு முன்னால் எவ்வளவு குடித்துக்கொண்டிருந்ததோ, ஏறக்குறைய அவ்வளவும் அந்த வயர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்தே விட்டேன்.

கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் அடித்ததே மழை, அதில் முதல் நாள் காலை மெர்சி அக்கா குடையோடு மேலே வந்து கதவைத் தட்டினார். பல்லாவரத்தில் கண் ஆஸ்பத்திரி, ஆபரேஷனுக்கு முன்னால் செய்கிற டெஸ்ட், ஒரு மாசம் முன்னாலேயே கொடுத்த நேரம். "ஆட்டோவும் வர்ல, ஒண்ணும் வர்ல. நீ வண்டிய எடு தம்பி." எனக்குச் சொல்ல ஒரு பொய்யும் வரவில்லை. கீழே இறங்கி, குமிழை இறுக்கி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அம்மா வைத்த இடத்திலேயே சீட் இருந்தது. ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் என்னைத் திணித்துக்கொண்டேன். "முட்டி மூக்குல இடிக்குது பாரு. சீட்ட பின்னாடி தள்ளேன்யா." "பரவாயில்லக்கா." சாவியைத் திருப்பினேன். டிக், டிக், டிக். செல்ஃப் எடுக்கவில்லை. மறுபடியும் டிக், டிக். அக்கா என்னைப் பார்த்தார், பானெட்டைப் பார்த்தார். "ஊர் பேட்டரிய எல்லாம் நீ பாக்கற. உன் வூட்டு வண்டி கெளம்ப மாட்டேங்குது. நல்லா கீது போ." அதில் கேலிதான் இருந்தது, கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. புடவையை முட்டி வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் ஓடுகிற தெருவில் இறங்கி மெயின் ரோட்டைப் பார்க்க நடந்தார். நான் கூட ஓடினேன். அரை மணி நேரம் நின்றும் ஒன்றும் கிடைக்கவில்லை. "வுடு தம்பி, கண்ணு எங்க போய்டப் போவுது" என்று திரும்பிவிட்டார்.

நனைந்த சட்டையோடு வந்து திரும்ப வண்டியில் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினால் விளக்கெல்லாம் மங்கலாக வந்தது. கடிகாரம் தெளிவாக இருந்தது. அதன் பக்கத்தில் பத்தொன்பது. ஓர் ஆளை மழையில் ஏற்றிக்கொண்டு போக அந்த பேட்டரிக்குத் தெம்பில்லை. ஆனால் அந்த இரண்டு எண்களை எரிய வைத்துக்கொண்டிருக்க மட்டும் தெம்பு இருந்தது. இருந்த தெம்பெல்லாம் அதற்குத்தான் போயிருந்தது. மெர்சி அக்கா உட்கார்ந்திருந்த இடத்தில் சீட் ஈரமாக இருந்தது. அந்த இடத்தில் நான் உன்னைப் பார்த்தேன் பாப்பா. திருச்சியில் எங்கோ ஒரு ரோட்டோரம், செகண்ட் ஷிஃப்ட் முடிந்து, நீ சாவியைத் திருப்புகிறாய், டிக் டிக் என்கிறது. உன் அப்பா உனக்கு அனுப்பின போட்டோவில் எல்லாம் சரியாக இருக்கிறது. அவன் கட்டைவிரலுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாது.

மழை விட்டதும் செய்தேன். சிவப்பு வயரைக் கழற்றி எடுத்தேன். பேட்டரியை மாடிக்குத் தூக்கி வந்து ஒரு பகலும் ஒரு ராத்திரியும் சார்ஜ் போட்டேன். அது கொஞ்சம் அடிபட்டிருந்தாலும் பிழைத்துக்கொண்டது. உனக்குக் கொடுப்பதற்கு முன் புதிது போட்டுவிடுவேன். வண்டியில் திரும்ப மாட்டிக் குமிழை இறுக்கினேன். மீட்டர் எரிந்தது. கடிகாரத்தில் மணி ஒன்று. டிரிப்பில் சைபர். அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்திருந்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னவோ ஆகும் என்று நினைத்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் அதற்கு மேலே இருந்த வரியைப் பார்த்தேன். மொத்தக் கிலோமீட்டர். அறுபத்தெட்டாயிரத்துச் சொச்சம். அது அப்படியே இருந்தது. அது வேறு மெமரி பாப்பா, பேட்டரியைப் பிடுங்கி ஒரு வருஷம் வீட்டில் வைத்தாலும் அழியாது. இது எனக்குத் தெரியாத விஷயமா? அந்த வரி அங்கேயே இருந்திருக்கிறது, நான்தான் கீழ் வரியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்ன நாற்பத்திரண்டும் பன்னிரண்டும் எல்லாம் கூடி அந்த எண்ணில் இருக்கின்றன. சொல்லாமல் போன பத்தொன்பதும் அதில்தான் இருக்கிறது. உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று அவள் ஏரிக்கரை ரோட்டில் உன்னைக் கூட்டிப்போனது, பின் சீட்டில் நான் காலால் தரையை அமுக்கிக்கொண்டு வந்தது, "உங்கப்பா பின்னாடி உக்காந்து பிரேக் போடறாரு பாருடி" என்று அவள் சிரித்தது, அந்தக் கிலோமீட்டரும் அதில் இருக்கிறது.

மறுவாரம் மெர்சி அக்காவுக்கு வேறு நேரம் கிடைத்தது. தளர்த்தி வைத்திருந்த குமிழை இறுக்கியதும் கடிகாரம் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. கூட்டிக்கொண்டு போனேன். ஏறி உட்கார்ந்ததும் முட்டி இடித்தது, லிவரை இழுத்து சீட்டைப் பின்னால் தள்ளினேன். தள்ளிய பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதும் பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்தான். "அது ஓட்டுனா பறக்கும்" என்றார் அக்கா, முன்னால் பார்த்துக்கொண்டே. "நீ இன்னாடான்னா ஊர்கோலம் போற." குரோம்பேட்டை வந்தது. பிறகு, "மணி ஒண்ணுன்னு காட்டுதே, அத்த ஏன் அப்டியே வுட்டுக்கினு கீற?" என்று கேட்டார். "பாப்பா வெப்பாக்கா" என்றேன்.

ஆகவே கடிகாரத்தை நான் தொடவில்லை. நீ வந்து வை. சரியான மணியாக வைத்தாலும் சரி, பத்து நிமிஷம் முன்னால் வைத்தாலும் சரி. எனக்கு எதுவும் வருத்தமில்லை. ஒவ்வொரு தடவை குமிழைத் தளர்த்தி இறுக்கும்போதும் மறுபடி வைக்க வேண்டியிருக்கும், அது ஒரு தொல்லைதான். தினமும் ஓட்டும்போது குமிழைத் தொடாதே. ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்தினால் மட்டும் தளர்த்து. எஞ்சின் ஓடும்போது ஒரு நாளும் தளர்த்தாதே, உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் அத்தனையும் போய்விடும். குமிழைத் தளர்த்திவிட்டால் ரிமோட்டும் சென்ட்ரல் லாக்கும் வேலை செய்யாது, சாவியைத் துளையில் விட்டுத்தான் பூட்ட வேண்டும், திறக்க வேண்டும். சாவியை டிக்கியில் வைத்து மூடிவிட்டு எனக்குப் போன் பண்ணாதே. குமிழைக் கழற்றிக் கையோடு எடுத்துப்போனால் திருடனுக்கு வேலை இல்லை என்று பெட்டியில் போட்டிருக்கிறான். உன் கைப்பையில் இரண்டு ஹெட்செட்டும் ஒரு ஐ.டி. கார்டும் காணாமல் போனதை வைத்துச் சொல்கிறேன், அது வண்டியிலேயே இருக்கட்டும். திரும்ப இறுக்கி ஸ்டார்ட் பண்ணினதும் ஏ.சி. போடாமல் அஞ்சு நிமிஷம் சும்மா ஓடவிடு. கொஞ்சம் தடுமாறும். அது தன் மூச்சை மறுபடி பழகிக்கொள்கிறது, பயப்படாதே.

கடைசியாக ஒன்று. உன்னையும் என்னையும் பற்றி. அந்த நாலு பதினேழுக்குப் பிறகு நான் போனை ஒரு நிமிஷம்கூட அணைத்ததில்லை. குளிக்கும்போதுகூடப் பிளாஸ்டிக் கவரில் போட்டு பக்கெட் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். நீயும் அப்படித்தான். காலை, மத்தியானம், ராத்திரி கூப்பிடுகிறாய். எடுக்கத் தாமதமானால் மெர்சி அக்காவைக் கூப்பிடுகிறாய். போன மாசம் ஒரு தடவை கவருக்குள் சத்தம் கேட்காமல் நான் குளித்துக்கொண்டிருக்க, அவர் இரண்டு வீட்டுக்காரர்களைக் கூட்டி வந்து, "தம்பி! உசுரோட கீறியா, இல்லியா? ஒரு வார்த்த சொல்லு!" என்று கதவை இடித்தார். சோப்பு நுரையோடு "கீறேன்க்கா" என்று கத்தினேன். நாற்பத்தைந்து வயசில் ஒருவன் பேசுகிற பேச்சா இது? சிரித்துவிட்டு அப்புறம் யோசித்தேன். நீ அங்கே மீட்டிங்கின் நடுவில், பஸ்ஸில், தூக்கத்தில், எந்நேரமும் ஒரு காதை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டிருக்கிறாய். நான் இங்கே ஒவ்வொரு சாயங்காலமும் நாலு மணி ஆனால் வேலையை விட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அந்த நிமிஷம் தாண்டுகிற வரைக்கும். வேறு யாருக்கும் சொன்னதில்லை, ஆபீசில் டீ குடிக்கப் போகிறேன் என்றுதான் சொல்வேன். உனக்கு ஒன்று என்றால் எனக்குத் தெரிய வேண்டும்தான். ஆனால் எந்நேரமும் விழித்திருந்தால் அந்த ஒன்று நடக்கும்போது எழுந்து வர என்னிடம் தெம்பு இருக்காது. உன்னிடமும் இருக்காது. நான் மழையில் அதைத்தான் பார்த்தேன்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மணி மூன்று. மார்கழி வெயில் ஹாலில் பாதி வரை வந்திருக்கிறது. இதை லேப்டாப்பில் எழுதி உனக்கு மெயிலில் அனுப்புகிறேன். அனுப்பிவிட்டுப் படுக்கப் போகிறேன். பகலில் படுத்துத் தூங்கி மாசக்கணக்காகிறது. எழுந்திருக்க ஆறு மணி ஆகும். அதற்குள் நீ கூப்பிட்டால் ஒரு பெண் தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை ஏதோ சொல்லுவாள், அவ்வளவுதான். நான் நன்றாக இருக்கிறேன், தூங்குகிறேன். கதவை உடைக்க வேண்டாம் என்று மெர்சி அக்காவிடம் சொல்லிவிட்டேன்; "ஆறு மணி வரைக்கும் தாங்குவேன், அதுக்கு மேல தாங்க மாட்டேன்" என்றிருக்கிறார். நீயும் அங்கே கொஞ்சம் படு. சனிக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போ. ஊர் போய்ச் சேர்ந்ததும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று மட்டும் சொல்.

போனை இப்போதுதான் அணைத்தேன்.

அப்பா